மூணு மருந்தும் ஒத்துக்கலன்னு நெனச்சோம்: தீவிர பதட்டத்துல ரெண்டு வருஷம், ஒரு நிகழ்வு ஆய்வு

இது என் அக்காவோட கேஸ். வயசு 34, அக்கவுண்ட்ஸ் வேலை, கல்யாணமாகி ஒரு பொண்ணு இருக்கா. பேரு, ஊரு எதுவும் போடல, அக்கா படிச்சு ரெண்டு இடத்துல திருத்தி சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் வெளிய விடுறேன். நான் டாக்டர் இல்ல, ஃபைலைத் தூக்கிக்கிட்டு கூடவே நடந்தவன், அவ்ளோ தான். டோஸ் விவரமெல்லாம் கீழ வருது, அது அவளோட டாக்டர் அவளுக்குப் போட்ட கணக்கு, அதைப் பாத்து யாரும் தானா எடுக்கவோ நிறுத்தவோ வேணாம்.

பின்னணி

சின்ன வயசுலருந்தே கொஞ்சம் பயந்த சுபாவம். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாப்பா, போன் எடுக்கலன்னா உடனே என்னமோ ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணுவா. அது வரைக்கும் வீட்ல யாரும் அதை நோயா பாக்கல, பாக்க வேண்டியும் இருக்கல. இது ஆரம்பிச்சப்ப அப்பா ஹார்ட் அட்டாக்ல போயி ஒன்றரை வருஷம் ஆகியிருந்துச்சு. இந்த விஷயத்தை முதல் ஒரு வருஷம் நாங்க எந்த டாக்டர்கிட்டயும் சொல்லவே இல்ல, அவங்களும் கேக்கல, எங்களுக்கும் ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு தோணல.

முதல் அட்டாக்

ஆபீஸ் லிஃப்ட்ல தான் ஆரம்பிச்சுது. நாலு மாடி ஏறுறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துப் போயி, அவ பாஷைல சொல்லணும்னா "சாவு வந்து பக்கத்துல நின்ன மாதிரி" இருந்துச்சாம். கூட வேலை பாக்குறவங்க எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போனாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. "ஒண்ணும் இல்ல, டென்ஷன் தான், ரெஸ்ட் எடுங்க."

அந்த "ஒண்ணும் இல்ல" தான் எங்களுக்கு அடுத்த மூணு மாசத்தைத் தின்னுச்சு. ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் இப்படி ஆகணும்னு அக்கா கேட்டா, என்கிட்ட பதில் இல்ல. மூணு மாசத்துல நாலு தடவை எமர்ஜென்சி. எக்கோ, 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதியுற ஹோல்டர், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பாத்தாச்சு. முதல் சுற்று டெஸ்ட் தேவை தான், தைராய்டு அதிகமா சுரந்தாலோ இதயத்துடிப்புல கோளாறு இருந்தாலோ இதே மாதிரி தான் படபடப்பு வரும், அதைப் பாக்காம மனசு தான்னு சொல்லக்கூடாது. ஆனா ரெண்டாவது சுற்றும் மூணாவது சுற்றும் நாங்களா கேட்டு எடுத்தது. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் சரியா ரெண்டு நாள் தைரியம் கொடுக்கும், மூணாவது நாள் "மெஷின்ல தப்பா வந்திருந்தா?"ன்னு ஆரம்பிச்சிடும். இந்த சமயத்துல தான் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வாங்கினா. தூக்கத்துல கூட மாட்டியிருப்பா.

அவசரத்துக்குன்னு ஒரு மாத்திரை

நாலாவது எமர்ஜென்சிக்கு அப்புறம் ஒரு பொது மருத்துவர் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தாரு, தேவைப்பட்டா போட்டுக்கோங்கன்னு. போட்டா அரை மணி நேரத்துல அடங்கும். நாங்க நோய் தீந்துடுச்சுன்னே நெனச்சோம், நான் அந்த டாக்டரைப் பத்தி நாலு பேர்கிட்ட பெருமையா கூட சொன்னேன்.

அஞ்சு மாசத்துல அது 0.5 ஆகி, ஒரு நாளைக்கு மூணு வேளை ஆயிடுச்சு. யாரும் ஏத்தச் சொல்லல, தானா ஏறிச்சு. காலைல கண்ணு முழிக்கும்போதே படபடப்போட முழிக்க ஆரம்பிச்சா. அப்ப எங்களுக்குப் புரியாத ஒண்ணு என்னன்னா, அல்பிரசோலம் உடம்புல ரொம்ப நேரம் தங்காது, சராசரியா 11 மணி நேரத்துல ரத்தத்துல இருக்குற அளவு பாதியாயிடும், அதனால ரெண்டு டோஸுக்கு நடுவுல மருந்து இறங்கும்போதே பதட்டம் எகிறும், நாம அதை நோய் முத்துதுன்னு நெனச்சு இன்னொண்ணு போடுவோம். இந்த வகை மாத்திரைங்களுக்கு அடிமையாகுறது, உடம்பு அதையே நம்பி நிக்கிறது, நிறுத்தினா வர்ற கோளாறு, இதைப் பத்தியெல்லாம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2020ல மருந்தோட குறிப்புச் சீட்டுலயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கு. எங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்களும் படிக்கல.

"ஒத்துக்கல"

ஏழாவது மாசம் முதல் தடவையா ஒரு மனநல மருத்துவரைப் பாத்தோம். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம். மூணாவது நாள் அக்கா கூண்டுக்குள்ள அடைச்ச மாதிரி வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தா, உக்கார முடியல, நைட்டு தூக்கமே இல்ல. நாலாவது நாள் நிறுத்திட்டோம். ஒத்துக்கல.

வேற டாக்டர். செர்ட்ரலின் 50. வாந்தி வர்ற மாதிரி, வயித்தால போறது, பதட்டமும் கூடுன மாதிரி இருந்துச்சு. 12 நாள் தாக்குப் பிடிச்சா. ஒத்துக்கல. அப்புறம் ஒருத்தர் புரோபிரனோலால் கொடுத்தாரு, நெஞ்சு அடிக்கிறது கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா பயம் அப்படியே இருந்துச்சு, ஒன்பது நாள்ல அதுவும் போச்சு. நடுவுல ஆறு கவுன்சிலிங். அந்த அம்மா நல்லா பேசுனாங்க, பொறுமையா கேட்டாங்க, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க, அங்க இருக்குற வரைக்கும் அக்காவுக்கு நல்லா இருக்கும். வெளிய வந்து ரோட்டைக் கடக்கணும்னா மறுபடி அதே கதை தான்.

இதுக்குள்ள வீட்ல ஒரு முடிவுக்கு வந்துட்டோம், இவளுக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது, இவ கேஸ் ஸ்பெஷல் கேஸ்.

வீட்டுக்குள்ளயே

முதல்ல லிஃப்ட் போச்சு, அப்புறம் பஸ், அப்புறம் கூட்டமான எந்த இடமும், அப்புறம் தனியா போற எல்லாமே. பதினோராவது மாசம் லாங் லீவு போட்டா. ஏழு வாரம் வாசலைத் தாண்டல. நான் கூட இருந்தா மட்டும் தெருமுனை வரைக்கும் வருவா, அதுக்கும் கைல தண்ணி பாட்டில், ஆக்சிமீட்டர், மாத்திரை அட்டை மூணும் இருக்கணும். நான் ஆபீஸ்ல கேட்டு பாதி நாள் வீட்டுலருந்தே வேலை பாக்க ஆரம்பிச்சேன். பாசம்னு தான் நெனச்சேன், இப்பவும் அது பாசம் தான், ஆனா அது என்ன வேலை பாத்துச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

அந்த ஒரு பேப்பர்

பதிமூணாவது மாசம் போன மனநல மருத்துவர் முதல்ல மருந்து எழுதல. போன்லயே கேட்டாங்க, இது வரைக்கும் எடுத்த எல்லா மருந்தும், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், ஏன் நிறுத்துனீங்க, நாலு கட்டம் போட்டு எழுதிக் கொண்டு வாங்கன்னு. பழைய சீட்டையெல்லாம் தேடி, பில் தேதி பாத்து ராத்திரி உக்காந்து எழுதினேன்.

அவங்க பேப்பரை வாங்கி மத்த எதையும் பாக்கல, நாள் கட்டத்தை மட்டும் பேனாவால சுழிச்சாங்க. 4. 12. 9. அப்புறம் சொன்னாங்க, "இதுல எந்த மருந்தும் தோக்கலைங்க. எதையும் நீங்க பரீட்சை எழுத விடவே இல்ல."

எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை பதட்டத்துக்கு வேலை செய்யத் தொடங்கவே ரெண்டுலருந்து ஆறு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய இன்னும் கூட ஆகும், முதல் ஒண்ணு ரெண்டு வாரம் பதட்டம் கூடுறது பல பேருக்கு நடக்குறது, பேனிக், அதாவது திடீர்னு வர்ற இந்த பய அட்டாக் இருக்குறவங்களுக்கு உடம்புல சின்ன மாற்றம் வந்தாலே அலாரம் அடிக்கும்ங்கிறதால அது இன்னும் பெருசா தெரியும். அதனால தான் வழக்கமான டோஸ்ல பாதில ஆரம்பிக்கிறது. முன்னாடி ரெண்டு பேரும் தப்பான மருந்து கொடுக்கல. நாலாவது நாள் என்ன ஆகும்னு சொல்லி அனுப்பல, நாங்களும் நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணல.

அப்புறம் கேள்வித்தாள் ரெண்டு மூணு கொடுத்தாங்க. பதட்டத்தை அளக்குற ஜிஏடி-7ல 21க்கு 18, அதுல 15 வந்தாலே தீவிரம். பேனிக்கோட தீவிரத்தை அளக்குற இன்னொரு ஸ்கேல்ல 28க்கு 21. மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9ல கடைசி கேள்வி, செத்துப் போயிட்டா நல்லதுன்னு தோணுதாங்கிறது. அக்கா "சில நாட்கள்"ல டிக் பண்ணியிருந்தா. பக்கத்துலயே ஒரு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாது. டாக்டர் என்னை வெளிய அனுப்பிட்டு நேரடியா கேட்டாங்களாம், திட்டம் ஏதாவது இருக்கா, முயற்சி பண்ணீங்களான்னு. இல்லன்னு உறுதியானதும், அப்படித் தோணுறது கூடினா யாருக்கு எப்ப போன் பண்ணணும்னு எழுதி வாங்கிட்டுத் தான் விட்டாங்க.

நோய்க்கு அன்னைக்கு தான் பேரு கிடைச்சுது: பேனிக் டிஸார்டர், கூடவே அகோராபோபியா, அதாவது அட்டாக் வந்தா தப்பிக்க முடியாதுன்னு தோணுற இடத்துக்குப் போகவே பயம். பேரு தெரிஞ்சதே அக்காவுக்கு பாதி தெம்பு. "அப்ப எனக்கு மட்டும் வர்றது இல்லையா டாக்டர்?"னு கேட்டா. 1980லயே அதுக்குத் தனிப் பேரு கொடுத்து மனநோய்களைப் பட்டியல் போடுற பொஸ்தகத்துல சேத்தாச்சுன்னு சொல்லி சிரிச்சாங்க.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

மருந்து அதே செர்ட்ரலின். 12 நாள்ல "ஒத்துக்காம" போன அதே மாத்திரை. இந்தத் தடவை 25ல ஒரு வாரம், அப்புறம் 50, ஆறாவது வாரத்துக்கு மேல பாத்து 100. வயித்துக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க. மூணாவது நாளும் ஏழாவது நாளும் நான் போன் பண்ணி எப்படி இருக்கான்னு சொல்லணும், நிறுத்துறதுன்னா அவங்க தான் நிறுத்துவாங்க, நாங்க இல்ல, இது தான் ஒப்பந்தம்.

அல்பிரசோலத்தை உடனே நிறுத்தல. நான் நிறுத்திடலாம்னு தான் கேட்டேன், ஆர்வக்கோளாறு. அஞ்சு மாசத்துக்கு மேல தினமும் எடுத்ததை சடக்குன்னு விட்டா வலிப்பு வரைக்கும் போகலாம்னாங்க. அதனால அளவை ஏத்தாம, ஆனா பயம் வரும்போது போடுறதை விட்டுட்டு, கடிகாரம் பாத்து மூணு வேளை மட்டும். பயத்துக்கும் மாத்திரைக்கும் இருக்குற முடிச்சை அவுக்குறது தான் முதல் வேலைன்னு சொன்னாங்க. சிபிடி (நெனப்பையும் நடத்தையையும் மாத்திப் பழக்குற சிகிச்சை) தெரிஞ்ச ஒரு தெரபிஸ்ட்டுக்கும் சீட்டு கொடுத்தாங்க, ரெண்டும் சேந்து போகட்டும்னு.

முதல் பத்து நாள் மோசம் தான். ஆனா முன்னாடியே சொல்லி வெச்சிருந்ததால, அஞ்சாவது நாள் ராத்திரி அக்கா நடந்துக்கிட்டே, "டேய், இது தான் அவங்க சொன்னதா இருக்கும்ல?"ன்னா. போன தடவை இதே நேரத்துல நாங்க எமர்ஜென்சில இருந்தோம்.

பயத்தை வரவழைக்கிற வேலை

தெரபிஸ்ட் முதல் நாள் ஒரு வட்டம் வரைஞ்சாங்க. நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குது, அதை ஹார்ட் அட்டாக்னு மனசு படிக்குது, பயம் வருது, பயத்துல அட்ரினலின் சுரக்குது, நெஞ்சு இன்னும் வேகமா அடிக்குது, "பாத்தியா, சொன்னேன்ல"ன்னு மனசு சொல்லுது. டேவிட் க்ளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1986ல சொன்ன விளக்கம் இது. அப்பா சாவைப் பத்தி அங்க தான் முதல் தடவையா பேச்சு வந்துச்சு. அன்னைக்கு ரொம்ப நேரம் அழுதா.

அடுத்தது, பாதுகாப்புக்காக என்னென்ன பண்றீங்கன்னு ஒரு லிஸ்ட். தண்ணி பாட்டில், ஆக்சிமீட்டர், கதவுக்குப் பக்கத்துல உக்கார்றது, அட்டை. அஞ்சாவதா "தம்பி"ன்னு எழுதியிருந்தா. அதைப் படிச்சப்ப சங்கடமா தான் இருந்துச்சு. நான் கூட இருந்ததால தான் ஒண்ணும் ஆகலன்னு ஒவ்வொரு தடவையும் அவ மூளை கணக்கு எழுதிக்கிட்டு இருந்திருக்கு, அப்ப நான் இல்லன்னா ஆகும்னு தானே அர்த்தம்.

அஞ்சாவது வாரத்துலருந்து அறைக்குள்ளயே பயத்தை வேணும்னே வரவழைக்கிற பயிற்சி. நாற்காலில ஒரு நிமிஷம் சுத்துறது, ஒரு நிமிஷம் வேக வேகமா மூச்சு விடுறது, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெல்லிய ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விடுறது, நின்ன இடத்துலயே ஓடுறது. இதயம், ஆஸ்துமா, வலிப்பு இதெல்லாம் இல்லன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் தான் ஆரம்பிச்சாங்க, இதை வீட்ல யாரும் தானா முயற்சி பண்ண வேணாம். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நோட்டுல எழுதணும்: என்ன ஆகும்னு நெனைக்கிறே, எத்தனை சதவீதம். ஸ்ட்ராவுக்கு "மயங்கி விழுவேன், 90" எழுதியிருந்தா. பின்னாடி என்ன ஆச்சுன்னு எழுதணும். "விழல. கண்ணுல தண்ணி வந்துச்சு. ஸ்ட்ரா கடிச்சு நசுங்கிடுச்சு." அந்த நசுங்குன ஸ்ட்ராவை நோட்டுலயே டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கா. பேனிக் வரும்போது ரத்த அழுத்தம் பொதுவா ஏறும், மயக்கம் வர்றதுக்கு அது இறங்கணும், ரத்தம் ஊசி பாத்து பயப்படுறவங்களுக்கு மட்டும் தான் கதை வேறன்னு தெரபிஸ்ட் விளக்கினாங்க. ஆனா விளக்கத்தை விட அந்த ஸ்ட்ரா தான் அவளுக்கு உறைச்சுதுன்னு நெனைக்கிறேன். பத்தாவது தடவைல 90 எழுதுன இடத்துல 15 இருந்துச்சு.

ஒன்பதாவது வாரம்

தனியா பஸ்ல மூணு ஸ்டாப் போகணும், அட்டை வீட்ல. ரெண்டாவது ஸ்டாப்புல முழு அட்டாக் வந்து இறங்கிட்டா, எனக்கு போன். "வாடா, என்னால முடியல." வண்டி சாவி என் கைல இருந்துச்சு. இப்படி ஆனா என்ன சொல்லணும்னு தெரபிஸ்ட் முன்னாடியே எங்க மூணு பேரையும் வெச்சுப் பேசியிருந்தாங்க. "நான் வரலக்கா, அங்கயே நில்லு, குறைஞ்சதும் அடுத்த பஸ்ல ஏறு, போனை வெக்கிறேன்"னு சொல்லி வெச்சேன். என் வாழ்க்கைல பண்ண கேவலமான வேலைன்னு அந்த நிமிஷம் தோணுச்சு. மாமா கூட கோவப்பட்டாரு. இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு மெசேஜ் வந்துச்சு, "ஏறிட்டேன்".

அடுத்த ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசல. ஆனா அதுக்கு அப்புறம் ஒரு தடவை கூட நடுவழில கூப்பிடல. மருந்தா, பயிற்சியா, எது வேலை செஞ்சுதுன்னு கேட்டா பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே நேரத்துல போச்சு, செர்ட்ரலின் சத்தத்தைக் குறைச்சதால தான் பஸ் ஸ்டாப்புல நிக்க முடிஞ்சுதுன்னு அக்கா சொல்றா.

அட்டையைக் குறைச்சது

மூணு மாசம் முடிஞ்சதும் அல்பிரசோலத்தை கொஞ்சம் கொஞ்சமா குளோனசெபாமுக்கு மாத்துனாங்க, அது உடம்புல ரொம்ப நேரம் இருக்கும், ஏத்த இறக்கம் கம்மி. அப்புறம் ரெண்டுலருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை, இருக்குற அளவுல அஞ்சுலருந்து பத்து சதவீதம் தான் குறைப்பு. ரெண்டு தடவை தூக்கம் கெட்டு, படபடப்பு திரும்பி, அதே அளவுல கூடுதலா ஒரு மாசம் நின்னோம். கடைசி கால் மில்லிகிராம் தான் ரொம்ப இழுத்துச்சு. மொத்தம் ஒன்பது மாசம் ஆச்சு.

கைப்பைல ஒரு பழைய அட்டை இருந்துச்சு, டிஷ்யூல சுத்தி. மாசக்கணக்கா அதுலருந்து ஒரு மாத்திரை கூட எடுக்கல, தொட்டுத் தொட்டுப் பாத்தே பின்பக்க எழுத்தெல்லாம் அழிஞ்சு வெறும் வெள்ளியா ஆகியிருந்துச்சு. அதை வெளிய எடுக்க தெரபிஸ்ட்டுக்கு நாலு செஷன் ஆச்சு.

இப்போ

புது டாக்டர்கிட்ட போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. பேனிக் ஸ்கேல் பதினாலாவது வாரம் 9, கடைசியா பாத்தப்ப 4. வேலைக்குத் திரும்பிட்டா. பிஹெச்க்யூ-9 கடைசி கேள்வி பூஜ்யத்துல நிக்குது, ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க. செர்ட்ரலின் 100 ஓடுது, நல்லானதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஒரு வருஷம் எடுக்கணும், அப்புறமும் மெதுவா தான் இறக்கணும்னு சொல்லியிருக்காங்க. மாசத்துக்கு ஒரு தடவை லேசா எட்டிப் பாக்கும், வந்துட்டுப் போகும்.

மறுபடி முதல்லருந்து பண்ணா

முதல் நார்மல் ரிப்போர்ட் வந்தன்னைக்கே மனநல மருத்துவரைப் பாத்திருப்போம், இன்னொரு எக்கோ எடுத்திருக்க மாட்டோம். அந்த நாலு கட்டம் போட்ட பேப்பரை முதல் மாத்திரைலருந்தே எழுதியிருப்பேன், ஏன்னா "ஒத்துக்கல"ங்கிற வார்த்தைக்குள்ள நாலு நாள் இருக்கா நாப்பது நாள் இருக்கான்னு பாக்காம தான் நாங்க ஆறு மாசம் இழந்தோம். அவசர மாத்திரை எழுதும்போதே எப்ப நிறுத்துறதுன்னு கேட்டிருப்போம். சைடு எஃபெக்ட்டை எல்லாம் வெளிப்படையா சொல்லியிருக்கணும், தாம்பத்திய விருப்பம் குறையுறது மாதிரி விஷயத்தை நிறைய பேர் டாக்டர்கிட்ட சொல்லாம மாத்திரையை மட்டும் கமுக்கமா விட்டுடுவாங்களாம். கவுன்சிலிங்ல குறை சொல்ல மாட்டேன், ஆனா மூணு நாலு தடவை போன உடனே "வெளிய போறதுக்கு என்ன பயிற்சி தரப் போறீங்க?"ன்னு கேட்டிருக்கலாம். நான் வீட்டுலருந்து வேலை பாத்த அந்த பாதி நாள்களை என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அவளை அப்படியே விட்டுட்டுப் போயிருப்பேனான்னு சந்தேகம் தான்.

பஸ், ரயில், கூட்டம் எல்லாம் போறா. ஆபீஸ்ல மட்டும் நாலு மாடியும் இன்னும் படில தான் ஏறுறா, உடம்புக்கு நல்லதாம். தெரபிஸ்ட் அதையும் லிஸ்ட்ல எழுதி வெச்சிருக்காங்க.